லைன் பிடிக்கும்வரை

கரண்ட் போய்த் திரும்பி வர இரண்டு செகண்ட் ஆகும். அதற்குள் அப்பா எழுந்து நின்றிருப்பார்.

மற்ற வீடுகளில் அந்த இரண்டு செகண்டை யார் மதித்தார்கள்? மின்விசிறி ஒரு சுற்று தயங்கும், டிவி அணைந்து உயிர் பெறும், வீட்டுக்காரர் "சனியன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடிப்பார். அதோடு சரி. இந்தத் தரைத்தள வீட்டில் மட்டும் எழுபத்தொன்பது வயது மனிதர் ஒருவர், தொடைக்குள் ஒரு சாண் கம்பியோடு, நாற்காலியிலிருந்து துள்ளி எழுவார். பிடிமானம் இருக்கிறதா, தரை ஈரமா, எதையும் பார்க்க மாட்டார். எதிர்ச் சுவரை முறைத்தபடி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். விளக்கு வந்ததும் "பிடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு உட்காருவார். நாற்காலி நகர்ந்திருந்தால் அவருக்குத் தெரியாது. முதல் தடவை விழுந்தது அப்படித்தான்.

முப்பத்தெட்டு வருஷம் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் காலத்தில் லைன் ட்ரிப் ஆகிக் கரண்ட் போனால் தானாகத் திரும்பி வராது. ஆபரேட்டர்தான் பேனல் முன்னால் நின்று, பத்து எண்ணி, கையால் போட வேண்டும். பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால் அறுபது எண்ணி இன்னொரு முறை. மூன்றாம் முறையும் பிடிக்கவில்லை என்றால்தான் லைனில் பழுது என்று ஆள் அனுப்புவார்கள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணக் கூடாது. கண் மீட்டர் முள்ளில் இருக்க வேண்டும், எண்ணிக்கை வாயில் இருக்க வேண்டும். இப்போது அவருக்கு மனைவி இறந்தது மறந்துவிட்டது, மகள் பெயர் மறந்துவிட்டது, காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கே மறந்துவிடும். எது மறந்து தொலைந்தால் வீட்டுக்கு நல்லதோ அது மட்டும் மறக்கவில்லை.

மகளை அவர் ஹெல்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வருஷம் மகளாக உத்தியோகம் பார்த்தவளை ஒரே நாளில் ஹெல்பராக இறக்கிவிட்டார். அதுவும் பர்மனென்ட் இல்லை, டெம்பரரி. "நீ டெம்பரரிதானே? வேலைய ஒழுங்காப் பாரு, நான் எழுதி அனுப்புறேன்" என்று ஆசை காட்டுவார். அப்பா என்று கூப்பிட்டால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். அதனால் அவளும் "சரிங்க சார்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். மாடி வீட்டு டீச்சர் அதைக் கேட்டுச் சிரிப்பாள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்தாள். தையல் மிஷின் அப்பாவின் நாற்காலிக்கு மூன்று எட்டு தூரத்தில் இருந்தது. கரண்ட் சிமிட்டினால் ஊசி துணிக்குள் பாதியில் நிற்கும். அவள் துணியைப் பார்க்க மாட்டாள், அப்பாவைப் பார்த்துப் பாய்வாள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். பெரும்பாலும் என்றால் எப்போதும் என்று இல்லை.

இரண்டாம் தடவை விழுந்ததற்குத் தம்பிதான் காரணம். தூர தேசத்திலிருந்து போனில் மட்டுமே பாசம் காட்டத் தெரிந்தவன். "பெல்ட் போட்டு நாற்காலியோட கட்டிடுக்கா, அங்கெல்லாம் அப்படித்தான் செய்யறாங்க" என்றான். கட்டினாள். கரண்ட் சிமிட்டியது. அப்பா நாற்காலியையும் முதுகில் தூக்கிக்கொண்டு எழுந்தார். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தது அப்போதுதான். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இனி ஒரு தடவை விழுந்தார்னா சேர்த்து வைக்க இதுல எலும்பே இல்லம்மா. அப்புறம் படுக்கைதான்" என்றார். படுத்தால் அப்பா எத்தனை நாள் இருப்பார் என்பதை அவள் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

இன்வெர்ட்டர் வைத்தால் தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. லைன் போனதும் இன்வெர்ட்டர் "டக்" என்று மாறும். அந்த "டக்" போதும், அப்பா எழுந்துவிடுவார். எழுந்து பார்த்தால் அறையில் விளக்கு எரிகிறது, வெளியே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இரைச்சல் இல்லை, எதிர்வீட்டு விளக்கு இல்லை. அவர் முகம் வெளுத்துவிடும்.

"லைன் இல்லாம விளக்கு எரியுது! எவனோ பின்னாலேர்ந்து லைனுக்குக் கரண்ட ஏத்துறான்! கம்பத்துல ஆள் இருக்காண்டா, செத்துடுவான்!" என்று அலறிக்கொண்டு மெயின் ஸ்விட்சைத் தேடி ஓடுவார். எண்ணி உட்கார்வது போய் ஓட்டமே வந்துவிட்டது. நாலாம் நாள் இன்வெர்ட்டரைக் கழற்றி டீச்சர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் அவள் வேரைத் தேடிப் போனாள். கரண்ட் ஏன் இப்படிச் சிமிட்டுகிறது? ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், எத்தனை செகண்ட் என்று எழுதினாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒரு மாதம் எழுதினாள். நாற்பத்தொன்று வந்தது. நாற்பத்தொரு தடவை அப்பா எழுந்திருக்கிறார், நாற்பத்தொரு தடவை அவள் பாய்ந்திருக்கிறாள். சனிக்கிழமை டீச்சரை அப்பாவுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு மின்சார அலுவலகத்துக்கு அந்த நோட்டை எடுத்துப் போனாள்.

முதல் மூன்று சனிக்கிழமையும் கவுண்ட்டரோடு முடிந்தது. "கரண்ட் போச்சா? எப்ப போச்சு? இப்ப இருக்கா? இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கவுண்ட்டர்காரர் கேட்டார். ஒரு நிமிஷத்துக்குக் குறைவாகப் போனால் அவர்கள் பதிவேட்டில் அது போனதே இல்லையாம். புகார்த் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத கஷ்டத்தை எந்த அலுவலகம் ஏற்றுக்கொண்டது? கல்லில் நார் உரிப்பது என்பார்களே, அவள் மூன்று வாரம் உரித்தாள்.

நாலாம் சனிக்கிழமை உதவிப் பொறியாளர் இருந்தார். தூக்கம் போதாத கண்கள், சட்டைப்பையில் மூன்று பேனா. நல்ல மனிதர் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. இருந்தால் திட்டிவிட்டாவது ஆறலாம். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார்.

"காத்தடிச்ச நாள்ல எல்லாம் அஞ்சு ஆறு தடவை இருக்கு, பாருங்க" என்றார். "உங்க பக்கத்துல லைன் பூங்காவ ஒட்டிப் போகுது. கிளை கம்பியத் தொடும். தொட்டதும் லைன் ட்ரிப் ஆயிடும். ரீகுளோசர்னு ஒரு பெட்டி இருக்கு. ரெண்டு செகண்ட் பொறுத்து அதுவே திரும்பப் போட்டுடும். கிளை விலகியிருந்தா கரண்ட் நிலைச்சு நிக்கும். அதத்தான் நீங்க சிமிட்டுதுன்னு சொல்றீங்க."

"அது எங்கப்பா செஞ்ச வேலை சார்" என்றாள் அவள். "கையால."

"ஆமாம்மா. அவங்க செஞ்சததான் இப்ப பெட்டி செய்யுது."

"கிளைய வெட்டிடக் கூடாதா?"

"மரம் எங்களோடது இல்லையே. பூங்காத் துறைக்கு எழுதணும், அவங்க வந்து பாக்கணும், அனுமதி வரணும். போன வருஷம் எழுதினதுக்கே இன்னும் பதில் இல்ல." பேனாவை மூடினார், திறந்தார். "என்னால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. உங்க மூணு தெருவுக்கு மட்டும் அந்தப் பெட்டி தானாப் போடறத நிறுத்தி வைக்கலாம். அப்ப சிமிட்டாது. ஆனா ஒண்ணு. போனா போனதுதான். ஆள் போய்ப் போட்டாத்தான் வரும். மணிக்கணக்கா ஆகலாம்."

"எத்தன நாளைக்கு ஒரு தடவை அப்படிப் போகும்?"

"கம்பிய இழுத்துக் கட்டச் சொல்லிடறேன். சின்னச் சின்ன தொடலுக்கெல்லாம் ட்ரிப் ஆகாத மாதிரி அளவையும் கொஞ்சம் ஏத்திடலாம். பெரிய காத்தடிச்சாத்தான். மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மாதம் நாற்பத்தொரு தடவை எழுவது எங்கே, ஒரு தடவை எழுவது எங்கே. குழந்தைகூடச் சரியாகச் செய்கிற கழித்தல். எழுதிக் கொடுத்தாள். "எங்கள் தெருக்களில் தானாக மீண்டும் இணைக்கும் வசதியை நிறுத்தி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று அவர் சொல்லச் சொல்லத் தன் கையெழுத்தில் எழுதினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்று முழுக்க அவளுக்கு எல்லாமே கைகூடி வருவது போல இருந்தது.

அப்பா எழுவார் என்பது அவளுக்குத் தெரியும். லைன் பிடிக்கும்வரை உட்கார மாட்டார் என்பதை அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள்? இத்தனை நாளும் இரண்டு செகண்டில் பிடித்துக்கொண்டிருந்ததே.

பதினெட்டு நாள் சிமிட்டவே இல்லை. அந்தப் பதினெட்டு நாளும் அந்த வீட்டில் நல்ல நாட்கள். அவள் ஒரே உட்காரலில் பன்னிரண்டு காலர் தைத்தாள். அப்பா மதியம் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். "லைன் நல்லா நிக்குது. யாரு டியூட்டி?" என்று ஒரு நாள் கேட்டார். "நீங்கதான் சார்" என்றாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பியிடம் போனில், "பாத்தியாடா, நான் சாதிச்சுட்டேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று எழுந்தது. கொடியில் கிடந்த துணி ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு பத்துக்கு விளக்கு போயிற்று. அப்பா எழுந்தார். அவள் பாய்ந்து போய்ப் பிடித்துவிட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பத்துவரை எண்ணினார். விளக்கு வரவில்லை. "ஹெல்பர், போடு."

அவள் ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினாள்.

"பிடிக்கல" என்றார் அப்பா. மறுபடி எண்ண ஆரம்பித்தார். அறுபது. போடச் சொன்னார். பிடிக்கவில்லை. மீண்டும் அறுபது. பிடிக்கவில்லை.

"லைன்ல பழுது. ஆள் போகட்டும்."

"ஆள் போயாச்சு சார். நீங்க உக்காருங்க."

"லைன் வராம எப்படி உக்கார்றது? போனவன் கம்பத்துல இருக்கான். இங்க எவனாவது கை வெச்சா அவன் கதி? நில்லு. நீயும் நில்லு."

அவள் நாற்காலியைக் காலால் இழுத்து அவர் முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். குதிகாலால் உதைத்துத் தள்ளினார். தோளை அழுத்திப் பார்த்தாள். அழுத்த அழுத்த அவர் விறைத்தார், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இருவரும் சாய்ந்துவிடுவோம் என்று தோன்ற விட்டுவிட்டாள். பேட்டரி விளக்கை ஏற்றிக் காட்டி, "பிடிச்சிடுச்சு சார்" என்றாள். அவர் அதைப் பார்த்த பார்வையில் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"கைவிளக்கக் காட்டி யாருகிட்ட விளையாடற?"

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பொறியாளரின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது. ஊரில் பாதிக்கு லைன் இல்லை, அவர் எந்தக் கம்பத்தடியில் நிற்கிறாரோ. ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்திப் பார்த்தாள். காற்றில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வர ஐந்தரை ஆகும்.

நாலே முக்காலுக்கு அப்பாவின் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. அவள் முதுகைச் சுவரில் கொடுத்து, அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான மனிதருக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு கனம்? அவர் வியர்வை அவள் கழுத்தில் இறங்கியது. அவருக்கு வலித்திருக்கும். ஆனால் அவர் வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. லைனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளா ரெண்டு செகண்ட்ல வந்துட்டிருந்துதே" என்றார் திடீரென்று. குரல் தெளிவாக இருந்தது. "இன்னிக்கு என்ன வந்துது? எவனோ எதையோ எடுத்து விட்டிருக்கான்."

அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"எந்த மடையன் எடுத்தான்?"

"நான்தாம்ப்பா" என்றாள். சார் என்று சொல்ல மறந்துவிட்டது. "நான்தான் எழுதிக் குடுத்தேன். நீங்க விழக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேம்ப்பா."

அப்பா என்றதற்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நீ ஹெல்பர்" என்றார். கோபம்கூட இல்லை, ஒரு ஆபரேட்டர் புதிதாக வந்தவருக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது? எத்தன வீடு இருட்டுல கிடக்கு பாரு. போ. போய்த் திரும்பப் போட்டுட்டு வா. நான் இங்க நிக்கிறேன்."

அவள் எங்கே போவாள்? போனால் அவர் விழுவார், இருந்தால் லைன் வராது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அழுதால் கை தளரும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள். கடவுளே, ஒரு தடவை சிமிட்டினால் போதும் என்று வேண்டினாள். எது வரக் கூடாது என்று நாலு சனிக்கிழமை அலைந்தாளோ, அதற்காகவே வேண்டினாள்.

ஐந்தே காலுக்கு அவர் முழங்கால் மடங்கியது. அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கிய கை அது, மரத்துப்போயிருந்தது. இருவரும் சேர்ந்தே சரிந்தார்கள். அவர் பக்கவாட்டில் விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. டீச்சர் வந்து கதவைத் தட்டும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். லைன் ஏழரை மணிக்கு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அப்போது அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

எலும்பு டாக்டர் சொன்னபடியே நடந்தது. சேர்த்து வைக்க ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே மணல் மூட்டையை அண்டை கொடுத்து, வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். மருந்தின் மயக்கத்தில் அப்பா யாரையும் எதுவாகவும் நினைப்பதில்லை. ஹெல்பர் வேலையும் போயிற்று.

ஆறாம் நாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். பீரோவைத் திறந்து நின்றபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். உதவிப் பொறியாளர். தலை கலைந்திருந்தது, கையில் ஒரு காகிதம். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு இருந்தது.

"உங்க புகார முடிக்கணும்மா. இருபத்தி நாலு நாள்ல ஒரு சிமிட்டல்கூட இல்ல, பாத்தீங்களா? அன்னிக்குக் காத்துல ஒரே ஒரு தடவைதான் போச்சு. அதுவும் மூணரை மணி நேரத்துக்குள்ள குடுத்துட்டோம். திருப்தின்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் மேல அனுப்பிடுவேன்." உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐயா எங்க? தூங்கறாரா?"

அவள் சொன்னாள். ஒவ்வொன்றாக, எண்ணியது, நாற்காலியை உதைத்தது, ஒரு மணி நேரம் நின்றது. அவர் காகிதத்தை மடித்தார், இன்னும் மடித்தார்.

"இன்னிக்கே திரும்பப் போடச் சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "ஆனா மறுபடி முன்ன மாதிரி சிமிட்டுமேம்மா. பரவாயில்லையா?"

"சிமிட்டட்டும் சார்" என்றாள் அவள். "எழுந்து நிக்க இங்க இனிமே யாரு இருக்கா?"

அவரிடமிருந்து பேனாவை வாங்கி, திருப்தி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த மனிதர் கேட்டதைச் செய்துதானே கொடுத்திருந்தார்.